பழைய பாய்மரப் படகின் அறைக்கூரை: விரிசலை மூடினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மலேசிய நாட்டு மரீனாக்களில், அதாவது உல்லாசப் படகுத் துறைகளில், குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய சிறு பாய்மரப் படகுகளை வாங்கிச் சீர்படுத்தும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பாய்மரப் படகு என்றாலே செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று நம்மவர்கள் ஒதுங்கி நிற்கும் நிலையில், கைத்தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு பழைய காரின் விலைக்குள் படகு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்று அக்கட்டுரை எடுத்துச் சொன்னது பாராட்டுக்குரியது. ஆயினும், படகின் அறைக்கூரையில் விரிசல் கண்டாலோ, மேலே நடக்கும்போது கூரை காலடியில் அமுங்கினாலோ, மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு 'மேட்' எனப்படும் கண்ணாடியிழை விரிப்பை இரண்டு அடுக்காக விரித்து, இறுகிக் கெட்டியாகும் ரெசின் திரவத்தைப் பூசிவிட்டால் போதும் என்ற பொருள்பட அதில் தரப்பட்டிருந்த யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. படகுப் பட்டறை வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அந்த யோசனையை நம்பிப் பணத்தையும் உழைப்பையும் செலவிடவிருப்பவர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

இத்தகைய படகுகளின் கூரை எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கண்ணாடியிழைப் படகுகள் அச்சில் வார்க்கப்பட்டு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் விலையில் வரத் தொடங்கியது 1950களின் இறுதியில்தான். கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பியர்சன் சகோதரர்கள் கட்டி, 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்த 28 அடி டிரைட்டன் படகு அந்த மாற்றத்தின் முன்னோடிகளுள் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து, பிரிட்டனின் வெஸ்டர்லி நிறுவனம் 1969 முதல் 1980 வரை 26 அடி சென்டார் படகுகளை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டியது. அக்காலத்துப் படகுகளின் உடற்பகுதி, புதுப் பொருளின் வலிமையை முழுதும் நம்பாத வடிவமைப்பாளர்களின் அச்சத்தால், பெரும்பாலும் தேவைக்கு மேலான கனத்தில் வார்க்கப்பட்டது. அவற்றுள் பல இன்றும் கெட்டியாக நிற்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் மேல்தளத்தையும் அறைக்கூரையையும் அந்தக் கனத்தில் கட்ட முடியாது. நீர்மட்டத்துக்கு மேலே எடை கூடக்கூடப் படகு காற்றில் அதிகம் சாயும். ஆகவே, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மேலோடு ஒன்றையும், அதனினும் மெல்லிய உள்ளோடு ஒன்றையும் வார்த்து, இடையில் சுமார் அரை அங்குலக் கனத்தில் பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்து ஒட்டினார்கள். ஒரு தகட்டின் கனத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியலின் பால பாடம். எடையை ஏற்றாமல் அந்தக் கனத்தைப் பெறும் உபாயமே நடுவில் வைத்த இந்தக் கட்டை. பெரும்பாலும் ஈக்வடார் நாட்டிலிருந்து வரும் பால்சாவை, அதன் நார்கள் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்துச் சிறு சிறு துண்டுகளாகப் பதிப்பது வழக்கம். இது காலாவதியான முறை என்று எண்ண வேண்டாம். காற்றாலைகளின் நீண்ட இறக்கைகளிலும் இதே மரம் இதே முறையில் பயன்படுகிறது. இம்முறையின் வலிமை முழுவதும், மேலோடும் உள்ளோடும் நடுக்கட்டையோடு பிரியாமல் ஒட்டியிருப்பதைப் பொறுத்தது. அந்த ஒட்டு விட்டுப்போனால், மேலே நிற்பவரைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர் ஓடு மட்டுமே.

ஒட்டு விட்டுப்போவதற்குக் காரணம் அநேகமாக எப்போதும் தண்ணீர்தான். அது விரிசல் வழியாக நுழைவதைவிடத் துளைகள் வழியாக நுழைவதே மிகுதி. கூரையின் மேலே பிடித்துக்கொண்டு நடப்பதற்கான கைப்பிடிக் கட்டைகள், காற்றுப்போக்கிகள், மேல்கதவின் சட்டம், கயிறு சுற்றும் வின்ச், பாய்மரத்தின் அடித்தட்டு என ஒரு சிறு படகின் கூரையில் எத்தனையோ திருகாணிகள் இறங்கியிருக்கும். அவை ஒவ்வொன்றையும் சுற்றித் தடவப்பட்ட சீலண்ட் என்னும் கசிவுதடுப்புப் பசை வெயிலிலும் அசைவிலும் காலப்போக்கில் இறுகி வெடித்துவிடும். அதன் பிறகு விழும் ஒவ்வொரு மழையும் நேரே நடுக்கட்டையில் இறங்கும். குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்து விரிந்து ஓடுகளைப் பிரிக்கிறது. நம் நாட்டில் உறைபனியின் தொல்லை இல்லை என்று மகிழ்வதற்கில்லை, ஏனெனில் ஆண்டு முழுவதும் குறையாத வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கு மிகவும் ஏற்றவை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை மரம் மக்காது. அதை வெகுவாகத் தாண்டி, காற்றும் கிடைத்துவிட்டால், பால்சா ஊறிய அவலைப் போலக் கையோடு வந்துவிடும். குறுக்கே அறுத்த பால்சாவில் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகவே பரவும். பிளைவுட்டிலோ நாரின் போக்கில் வெகுதூரம் ஓடிவிடும். கசிவு தெரியும் இடம் ஒன்று, மக்கிய இடம் வேறொன்று என்று பலர் திகைப்பது இதனால்தான்.

விரிசல்களைப் பார்த்தவுடன் அஞ்சவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். சிலந்தி வலைபோல் ஒரு மையத்திலிருந்து விரியும் நுண்கோடுகள், எப்போதோ கனமான பொருள் ஒன்று விழுந்ததன் அடையாளம். ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சை அளவுக்கு மீறிக் கனமாக அடித்திருந்தால் பரப்பெங்கும் கோடுகள் தோன்றும், அவை அழகைக் கெடுப்பதன்றி வேறு தீங்கு செய்வது அரிது. கூரையும் தளமும் கூடும் மூலைகளிலோ, மேல்கதவின் நான்கு முனைகளிலோ, பாய்மரத்தைச் சுற்றியோ ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள் வேறு வகையானவை. அங்கே கூரை திரும்பத் திரும்ப வளைந்திருக்கிறது என்பதை அவை அறிவிக்கின்றன. வளைவதற்குக் காரணமான நலிவைத் தீர்க்காமல் கோட்டை மட்டும் நிரப்பினால், அடுத்த பருவத்தில் அதே கோடு அதே இடத்தில் மீண்டும் தோன்றும்.

படகை வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால், அது இல்லையெனில் திருப்புளியின் கைப்பிடியால், கூரை முழுவதையும் உள்ளங்கை அகல இடைவெளியில் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஒட்டு விட்ட இடமும் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்துகொண்டால் நோயின் வரைபடம் கண்ணெதிரே கிடைத்துவிடும். ஈரமானிகளை நான் அதிகம் நம்புவதில்லை, ஏனெனில் உட்புறம் உலோகம் இருந்தாலும், முந்தைய இரவின் பனி மேற்பரப்பில் இருந்தாலும் அவை தவறாகக் காட்டும். ஐயம் தீர வேண்டுமானால், உரிமையாளரின் அனுமதியோடு, அறையின் உள்ளிருந்து உள்ளோட்டை மட்டும் துளைத்து நடுக்கட்டைவரை செல்லும் சிறு துளை போட்டு, துரப்பணத்தில் வரும் தூளைப் பார்க்கலாம். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் கட்டை நலமாக உள்ளது. பழுப்பு நிறத்தில் ஈரமாக வந்தால், விலையைக் குறைத்துக் கேட்கவோ வேறு படகு பார்க்கவோ வேண்டிய நேரம் அது. கீழிருந்து போடும் துளையில் மழைநீர் இறங்காது, பிறகு அடைப்பதும் எளிது.

இனி, மேலே இரண்டு அடுக்குப் பூசும் யோசனைக்கு வருகிறேன். முதலாவதாக, அது ஈரத்தையும் பூஞ்சையையும் உள்ளே வைத்து மூடுகிறது, மக்கல் நிற்பதில்லை. இரண்டாவதாக, பிரிந்துபோன ஓட்டின் மேல் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் சேர்ப்பதால், நடுக்கட்டை தந்த விறைப்பில் சிறு பங்குகூடத் திரும்ப வராது, எடைதான் ஏறும், அதுவும் ஏறக்கூடாத உயரத்தில் ஏறும். மூன்றாவதாக, பல்லாண்டுகளுக்கு முன் இறுகிய பழைய ஓட்டின் மேல் பூசும் பாலியஸ்டர் ரெசின் அதனோடு வேதியியல் முறையில் இணைவதில்லை. தேய்த்த சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு மட்டுமே அது நிற்கிறது, கூரை வளையும்போதெல்லாம் அந்தப் பிடி தளர்கிறது. இதைப் போன்றே, மேலிருந்து பல துளைகள் போட்டு எப்பாக்சி என்ற வேறொரு வகை ரெசினை ஊசியால் ஏற்றும் முறையும் பரவலாகப் பேசப்படுகிறது. கட்டை காய்ந்திருந்து ஒட்டு மட்டும் விட்டிருக்கும் உள்ளங்கை அகல இடத்துக்கு அது பயன்படலாம். ஊறிய மரத்திலோ எப்பாக்சி ஏறாது. நார்கள் செங்குத்தாக நிற்கும் பால்சாவில், சில துளைகளின் வழியாக ஈரத்தை உலர்த்திவிடலாம் என்பதும் நடைமுறையில் நிறைவேறுவதில்லை.

ஆகவே மேலோட்டைத் திறப்பதே வழி. கேட்பதற்கு அச்சமூட்டினாலும், பொறுமையுள்ள ஒருவர் தாமே செய்யக்கூடிய வேலை இது. தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தவிர்க்க முடியாதவை. ஒன்று, வேலை நடக்கும் நாள்கள் முழுவதும் மழைச்சாரல்கூடப் படாதபடி படகின் மேல் நல்ல கூடாரம் அமைத்தல். லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு என்பதால் அக்காலம் ஏற்றது, மற்ற இடங்களில் இருப்பவர்கள் கூடாரத்தைத்தான் நம்ப வேண்டும். மற்றொன்று, கூரையின் வளைவைக் காத்தல். நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரியும் அந்த வளைவு, மேலோட்டை அறுத்தவுடன் தானாகவே தாழ்ந்துவிடும். தாழ்ந்த நிலையில் புதுக் கட்டையை ஒட்டினால், பின்னாளில் கூரையின் நடுவே மழைநீர் தேங்கும். எனவே அறுப்பதற்கு முன்பே அறையினுள் முட்டுக்கட்டைகளை நிறுத்தி, வளைவுக்கேற்ப வெட்டிய பலகைகளால் உள்ளோட்டைத் தாங்கிவிட வேண்டும். பாய்மரம் கூரையின் மீது நிற்கும் படகானால், அதை முதலில் இறக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு, வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேலோட்டின் கனத்துக்கு மட்டும் வைத்து, சாக்பீஸால் வரைந்த எல்லைக்கு வெளியே நல்ல கட்டை தென்படும் இடம்வரை, நேர்கோடுகளாக அறுத்துக்கொள்ள வேண்டும். கூரை பக்கச்சுவரோடு மடியும் விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது விட்டு அறுப்பது, பின்னர் இணைப்பைச் சரிவாகத் தேய்ப்பதற்கு உதவும். மேலோடு உடையாமல் வந்தால் பத்திரப்படுத்தி மீண்டும் அதையே ஒட்டலாம், உடைந்தால் புதிதாக வார்ப்பதிலும் குறையொன்றும் இல்லை. மக்கிய கட்டையை உளியால் சுரண்டி எடுக்கும்போது, கீழே உள்ள மெல்லிய உள்ளோட்டைக் குத்திவிடாமல் நிதானமாக வேலை செய்ய வேண்டும். ஓரங்களில் பழுப்பேறிய மரத்துண்டு ஒன்றைக்கூட, "இது போகட்டும்" என்று விட்டுவைக்கக் கூடாது. அதன்பின் உள்ளோட்டின் மேற்புறத்தை 60 அல்லது 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை அகற்றி, ஆசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, சில நாள்கள் காயவிட வேண்டும்.

புதிய நடுக்கட்டைக்கு மூன்று வகைப் பொருள்கள் உள்ளன. பால்சா இலேசானது, மலிவானது, பழைய கட்டையின் கனத்துக்கு எளிதில் பொருந்துவது. பிவிசி நுரைப்பலகை மக்காது, ஆனால் திருகாணியை இறுக்கும் இடத்தில் நசுங்கும். மரீன் பிளைவுட் கனமானது, அழுத்தம் தாங்கும் இடங்களுக்கு மட்டும் ஏற்றது. கூரையின் பொதுப்பரப்புக்குப் பால்சாவையும், சாமான்கள் பொருத்தும் இடங்களுக்குப் பிளைவுட் அல்லது கெட்டியான கண்ணாடியிழைத் தட்டையும் வைப்பதே என் வழக்கம். துணியில் ஒட்டிய சிறு கட்டங்களாக விற்கப்படும் பால்சா, கூரையின் வளைவுக்கேற்ப மடிந்து கொடுக்கும். ஒட்டும்போது முதலில் உள்ளோட்டையும் கட்டையின் அடிப்புறத்தையும் தூள் எதுவும் சேர்க்காத எப்பாக்சியால் நனைத்து, அது ஊறியதும், சிலிக்கா தூள் கலந்து பசைபோல் கெட்டியாக்கிய எப்பாக்சியைப் பல் வெட்டிய கரண்டியால் பரப்பி, கட்டையை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். கட்டங்களுக்கு இடையிலான வெடிப்புகளிலும் பசை நிரம்பியிருப்பது முக்கியம், ஏனெனில் நிரம்பாத வெடிப்பு ஒவ்வொன்றும் எதிர்காலக் கசிவுக்கு ஒரு வாய்க்காலாகிவிடும். மேலே பாலித்தீன் தாளை விரித்து மணல் மூட்டைகளை அடுக்கினால் போதிய அழுத்தம் கிடைக்கும்.

மேலோட்டை மூடும்போது, பழைய ஓட்டின் விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் சரிவாகத் தேய்க்க வேண்டும், அதாவது நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலச் சரிவு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புது இழை பழைய இழையோடு பற்றுவது இந்தச் சரிவின் பரப்பில்தான். சரிவு குறுகினால், எத்தனை அடுக்குப் போட்டாலும் இணைப்பு ஒரு கோடாகவே நின்று, அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

ரெசினைத் தேர்ந்தெடுப்பதில் நம் பட்டறைகளில் நிலவும் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். மீன்பிடிப் படகுகளைப் புதிதாக வார்க்கும் கைகள் பாலியஸ்டருக்குப் பழகியவை. புதுப் படகுக்கு அது போதுமானது, விலையும் குறைவு. பழைய ஓட்டோடு புதியதை இணைக்கும் பழுதுவேலைக்கு எப்பாக்சியின் பிடிமானமே நம்பத்தக்கது என்பது என் கருத்து. எப்பாக்சிக்கு மாறுபவர்கள் மேட்டையும் மாற்ற வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே அமைந்தது. எப்பாக்சியில் அது கரையாமல், இழைகள் விறைத்து, முழுதும் நனையாமல் நின்றுவிடும். எப்பாக்சியோடு நெய்த துணியோ தைத்த துணியோ பயன்படுத்த வேண்டும். கலப்பு விகிதத்திலும் வேறுபாடு உண்டு. பாலியஸ்டரில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை வெப்பநிலைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்சியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரை அதிகமாக ஊற்றினால் விரைவில் இறுகாது, ஒருபோதும் சரியாக இறுகாது. உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தை எடையிட்டோ அளந்தோ கலக்க வேண்டும். நம் வெயிலில் மெதுவாக இறுகும் ஹார்டனரையே வாங்கி, சிறிது சிறிதாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுவது நல்லது, ஏனெனில் குவளையில் நிறையக் கலந்து வைத்த எப்பாக்சி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். ஈரக்காற்றில் இறுகிய எப்பாக்சியின் மேல் மெழுகுபோன்ற ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரும் நார்த்தேய்ப்பானும் கொண்டு கழுவிய பின்னரே உப்புத்தாளைத் தொட வேண்டும்.

பாய்மரம் கூரையில் நிற்கும் படகுகளில் அதன் அடிப்பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். இறுக்கிக் கட்டிய கம்பிகள் யாவும் சேர்ந்து பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. சுமத்ராத் தீவின் பக்கமிருந்து வரும் சுமத்ராக் காற்று திடீரென்று அடிக்கும் விடியற்பொழுதில் அந்த அழுத்தம் பன்மடங்காகும். நான் மேலே குறிப்பிட்ட டிரைட்டன் படகுகளில், பாய்மரத்தின் கீழுள்ள உத்தரம் தளர்ந்து கூரை தாழ்வது அவ்வகைப் படகுகளை வைத்திருப்போர் நன்கறிந்த குறை. இங்கே பால்சாவுக்கு இடமில்லை, நுரைப்பலகைக்கும் இடமில்லை. மேலோட்டுக்கும் உள்ளோட்டுக்கும் இடையே கெட்டியான கண்ணாடியிழைத் தட்டு அல்லது அடுக்கி ஒட்டிய மரீன் பிளைவுட் வைத்து, அதன் நேர்கீழே உள்ள தாங்குதூண் படகின் அடிவரை உறுதியாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தூணின் கால் அடித்தளத்து நீரில் நின்று மக்கியிருந்தால், கூரையை எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் அது மீண்டும் தாழும்.

கூரை முடிந்தபின் கைப்பிடிகளையும் வின்ச்சையும் பழைய துளைகளிலேயே திருகிவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண். ஒவ்வொரு துளையையும் தேவைக்கு மேல் அகலமாகத் துளைத்து, மடக்கிய ஆணியைத் துரப்பணத்தில் மாட்டிச் சுற்றி, ஓடுகளுக்கு இடையிலிருக்கும் கட்டையைத் துளையைச் சுற்றி அரை அங்குலம்வரை குடைந்தெடுத்து, அந்தக் குழியை எப்பாக்சிப் பசையால் நிரப்ப வேண்டும். அது இறுகியபின் நடுவில் உரிய அளவில் துளைத்தால், சீலண்ட் என்றாவது தோற்றாலும் நீர் மரத்தைத் தொடாது. என்னைக் கேட்டால், பழைய படகு வாங்கும் ஒருவர், கூரை நன்றாக இருக்கும்போதே, பாய் விரிக்கும் முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும் என்பேன். துளையின் வாயைச் சற்றே விரித்து அதில் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவைச் சுற்றி, கீழே உலோகத் தட்டு வைத்து இறுக்குவது நீண்ட நாள் உழைக்கும். சிலிக்கோனை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது படிந்த இடத்தில் பின்னர் வண்ணமும் ஒட்டாது, வேறு சீலண்ட்டும் ஒட்டாது.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எப்பாக்சியின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாமல் போக வாய்ப்பிருப்பதால், இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் வண்ணமே ஏற்றது. வெள்ளையோ மிக வெளிர் நிறமோ அடித்தால் கூரை குறைவாகச் சூடேறும். கடும் நிறம் அழகாகத் தோன்றினாலும், நண்பகல் வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது.

இந்த வேலையில் உடலுக்கு வரும் தீங்குகளைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. கண்ணாடியிழைத் தூசு தோலை அரிப்பதோடு நுரையீரலையும் பாதிக்கும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் பிடிக்கும் நம்மூர்ப் பழக்கம் இனியாவது ஒழிய வேண்டும். தேய்க்கும்போது தூசி முகமூடியும், ரெசின் வேலையில் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகமூடியும் அணிய வேண்டும். பாலியஸ்டருக்கான கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகும் அபாயம் உண்டு, எனவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். எப்பாக்சியில் இந்த அபாயம் இல்லை எனினும், திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தீராத ஒவ்வாமை வந்துவிடுகிறது. கையுறை இல்லாமல் தொடாதிருப்பதே நல்லது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய படகைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். கண்ணாடியிழைப் படகு மரப்படகைப் போல் மக்கி மண்ணாகாது, இரும்புப் படகைப் போல் உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பிரான்சு நாடு 2019 முதல் பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்து அப்புறப்படுத்துவதற்குப் படகு உற்பத்தியாளர்களையே பொறுப்பாக்கும் ஏற்பாட்டைச் செயல்படுத்தி வருகிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத கரைகளில், கூரை ஒழுகுகிறது என்பதற்காகக் கைவிடப்பட்ட படகு, சதுப்புநிலக் காட்டின் ஓரத்தில் பல தலைமுறைகளுக்குக் கிடக்கும். உடற்பகுதி கெட்டியாக இருக்கும் படகுக்கு அந்தக் கதி வருவதற்குப் பெரும்பாலும் சில சதுர அடி நடுக்கட்டையே காரணம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கண்ணாடியிழை வேலை கற்பிப்போர், புது வார்ப்போடு நின்றுவிடாமல், நடுக்கட்டை மாற்றும் பழுதுவேலையையும் பாடத்தில் சேர்த்தால், படகுத் துறையில் இளைஞர்களுக்கு நல்ல பிழைப்பும் கிடைக்கும்.

அக்கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே மேலே இரண்டு அடுக்குப் பூசிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அறையின் உள்ளிருந்து, ஒலி மந்தமாக இருந்த இடங்களில் சிறு துளைகள் போட்டுப் பார்க்கட்டும். தூள் உலர்ந்து வந்தால் துளையை எப்பாக்சியால் அடைத்துவிட்டு நிம்மதியாகப் பாய் விரிக்கலாம். ஈரமாக வந்தால், அந்த அடுக்குகளையும் பழைய மேலோட்டையும் சேர்த்தே அறுத்தெடுத்து, இங்கே சொன்னபடி நடுக்கட்டையை மாற்றிவிடலாம். சேர்த்து அறுக்கும்போது மேலோட்டின் கனம் கூடியிருக்கும் என்பதால், ரம்பத்தின் ஆழத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதோடு, விளிம்புச் சரிவின் அகலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
படகுப் பட்டறைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
லுமுட், பேராக்.